உருட்டிப் பார்ப்போம்: வாளுக்குத் திரி ஏது?

பகடை, தாயக்கட்டை, மேஜை மேல் ஆடும் சாகச விளையாட்டு எல்லாவற்றுக்கும் வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், பாபநாசம் பக்கத்து எண்ணெய் மில் அக்கா.

மன்னார்குடி வாசகர்: அக்கா, நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுகிறோம். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஒருவர் கதை சொல்லி நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம், அடி பட்டதா, எவ்வளவு பட்டது என்பதைப் பகடை சொல்லும். எனக்குப் போர்வீரன் வேடம். சண்டைக்கு முன் வாளில் ஒரு குப்பி எண்ணெயை ஊற்றிப் பற்றவைத்துக்கொள்கிறேன், ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடை உருட்டுகிறேன் என்றேன். ஆட்டம் நடத்தும் அண்ணன், ‘விதியில் இல்லை’ என்று சொல்லி முடித்துவிட்டார். எண்ணெய் எரியும், வாளில் ஊற்றினால் வாளும் எரியும், இதற்கு விதி எதற்கு? நீங்கள் எண்ணெயிலேயே பிறந்து வளர்ந்தவர். தீர்ப்புச் சொல்லுங்கள்.

தம்பி, தீர்ப்பு அண்ணன் பக்கம்தான். ஆனால் அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. ‘விதியில் இல்லை’ என்பது கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சொல்கிற பதில். ஆட்டம் நடத்துகிறவர், ‘சரி, ஊற்று, என்ன ஆகிறது பார்ப்போம்’ என்றல்லவா ஆரம்பிக்க வேண்டும்?

நான் ஊற்றியே பார்த்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள், மில் வாசல் சிமெண்ட் களத்தில். பக்கத்தில் இரண்டு வாளி மணல், ஒரு ஈரச் சாக்கு. கையில் அப்பா காலத்து வெட்டுக்கத்தி. அண்ணன் மகன் கையில் போன். (எடுத்த வீடியோவை எங்கும் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீங்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது, அந்தச் சத்தியமும் வேண்டும்.)

முதலில் நல்லெண்ணெய். அறுவடை முடிந்த சம்பா வயலில் போட்ட எள், எங்கள் செக்கிலேயே ஆட்டியது. கத்தி முழுக்க வழியவிட்டு, தீக்குச்சியைக் கிழித்து வைத்தேன். குச்சிதான் அணைந்தது. இன்னொரு குச்சி, அதுவும் அணைந்தது. மூன்றாவதை எண்ணெய்க்குள்ளேயே முக்கினேன், ‘சொய்’ என்றது, அவ்வளவுதான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நல்லெண்ணெயிலிருந்து தீப்பிடிக்கிற ஆவி எழும்ப அது 250 டிகிரியை ஒட்டிச் சூடேற வேண்டும். குத்துவிளக்கில் குழி நிறைய எண்ணெய் இருக்கிறது, எரிவது திரியின் நுனி மட்டும். திரிதான் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி மேலே கொண்டுபோய் அந்தச் சூட்டுக்குக் கொடுக்கிறது. திரி இல்லாத விளக்கை நம் வீட்டுக் குழந்தைகூட ஏற்றப் பார்க்காது. உங்கள் வாளுக்குத் திரி ஏது தம்பி?

இன்னொன்று. சில பையன்கள் ஆட்டத்தில் வரும் எண்ணெயை ‘விளக்கெண்ணெய்’ என்று தமிழ்ப்படுத்துகிறார்கள். விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் என்ற பொருளில். விளக்கெண்ணெய் என்றால் ஆமணக்கு. கஞ்சி மாதிரி கெட்டி, பற்றவைப்பதும் நல்லெண்ணெய் அளவுக்கே பாடு. அதை வாளில் தடவிக்கொண்டு சண்டைக்குப் போகிறவரைப் பார்த்து எதிரி அதே சொல்லைத்தான் சொல்வான்.

அடுத்து மண்ணெண்ணெய், எங்கள் வீட்டுப் பேச்சில் கிருஷ்ணாயில். வாளும் கேடயமுமாக இருக்கிற உலகத்தில் இது கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. உங்கள் பக்கம் நியாயம் இருக்கட்டும் என்று அதையும் ஊற்றினேன். 40 டிகிரி வாக்கிலேயே இது பற்றிக்கொள்ளும். அப்படியும் கத்தியின் முகத்தில் உடனே பிடிக்கவில்லை, இரும்பு சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. கீழ் விளிம்பில் திரண்டு தொங்கிய சொட்டில்தான் முதலில் பிடித்தது. அங்கிருந்து மேலே ஓடியது, மஞ்சளாக, அழகாகத்தான் இருந்தது. அண்ணன் மகன் ‘அத்தை! அத்தை!’ என்று கத்தினான். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். எட்டு எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது. வழவழப்பான இரும்பு எவ்வளவு எண்ணெயைப் பிடித்துவைக்கும்? நீங்கள் வாளில் ஊற்றியதாகச் சொல்லும் அரை லிட்டரில் ஒரு ஸ்பூன் அளவு வாளில் நிற்கும். மிச்சமெல்லாம் தரையில், உங்கள் காலடியில்.

இரண்டாம் தடவை பற்றவைத்து ஒரு வீச்சு வீசினேன். காற்றிலேயே அணைந்தது. மூன்றாம் தடவை வீசாமல் மெதுவாகக் கொண்டுபோய், குலை வெட்டிப் போட்டிருந்த வாழைத் தண்டில் இறக்கினேன். ‘சுர்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கத்தி நான்கு விரல்கடை இறங்கியிருந்தது, தீ இல்லை. தண்டின் நீர் அணைத்துவிட்டது. வெட்டுப்பட்ட உடம்பும் ஈரம்தானே.

களத்தில் நான் செய்து பார்க்காதது ஒன்று உண்டு, கத்தியைத் தலைக்கு மேல் தூக்குவது. செய்யாததற்குக் காரணம், எண்ணெய் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். சண்டையில் வாளைத் தூக்காமல் வெட்ட முடியுமா? தூக்கினால் எரிகிற எண்ணெய் பிடிக்கு வரும், பிடியிலிருந்து மணிக்கட்டுக்கு, அங்கிருந்து முழங்கைக்கு.

என் தம்பி சிலம்பம் கற்றவன். எங்கள் ஊர்த் திருவிழாவில் முதல்முறை தீப்பந்தம் சுற்றப் போனபோது அவனுக்குப் பதினேழு வயது. கம்பின் இரு முனையிலும் பழைய வேட்டித் துணியை இறுகச் சுற்றி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தார்கள். வாத்தியார் சொல்லிக்கொண்டே இருந்தார்: “பிழிடா. இன்னும் பிழி. சொட்டு வரக்கூடாது.” இவன் பெரிய சுவாலை வரட்டும் என்று அரைகுறையாகப் பிழிந்தான். முதல் சுற்றிலேயே தீத்துளிகள் வட்டமாகத் தெறித்தன. முன்வரிசையில் நின்ற எங்கள் அப்பாவின் புது வேட்டியில் மூன்று ஓட்டை. ஒரு துளி இவன் முன்னங்கையில். இன்றைக்கும் புளியங்கொட்டை அளவில் அங்கே மயிர் முளைக்காது. தெரிந்து, பழகி, துணியில் ஊறவைத்துச் சுற்றுகிற தீயே இப்படி.

கோயில் தீவட்டியைப் பாருங்கள். சுவாமி புறப்பாட்டில் இரும்பில் சுற்றிய துணிதான் எரிகிறது. பக்கத்திலேயே எண்ணெய்த் தூக்கோடு ஒருவர் நடப்பார். ஊற்றியதும் சுவாலை ஒரு நொடி தணிந்து, பிறகு எழும்பும். நான்கு வீதி சுற்றி வருவதற்குள் எத்தனை தடவை ஊற்றுகிறார் என்று அடுத்த உற்சவத்தில் எண்ணிப் பாருங்கள். உங்கள் வாளிலும் துணி சுற்றலாம்தான், தாராளமாக எரியும். ஆனால் கூர் துணிக்குள்ளே போய்விடும், அப்புறம் அது வாள் இல்லை, கனமான தீவட்டி. அதை வழக்கமாகவே வைத்துக்கொண்டால் இன்னொரு வினை. பட்டறையில் கூர் நிற்பதற்குக் கொடுத்த தோய்ச்சல், 300 டிகிரிக்கு மேல் திரும்பத் திரும்பக் காய்ந்தால் இறங்கிவிடும். பிறகு கட்டையை வெட்டினாலும் முனை மடங்கும்.

சரி, எரிகிற வாள் பட்டால் கூடுதலாக எவ்வளவு சுடும்? கோயிலில் கற்பூர ஆரத்தி வருகிறது. தீயின் மேல் கையை ஓட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை! ஒருநாளாவது கொப்புளம் வந்ததா? தீ பட்டுவிட்டுப் போனால் சுடாது. ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சுடும். வாள் வீச்சு, ஆரத்தியில் ஓட்டுகிற கையைவிட வேகம்.

இதனால்தான் விதிப்புத்தகம் எண்ணெயை வாளில் வைக்கவில்லை, எதிரி மேல் வைத்தது. கடைசிவரை பார்த்தால் எண்ணெய் தெரிந்த யாரோ எழுதியது போலவே இருக்கிறது. ஒரு குப்பி 1 வெள்ளிக்காசு. எதிரி மேல் தெளிக்கலாம், அல்லது 20 அடி வரை வீசலாம். பட்டால் அவன் எண்ணெயில் நனைந்துபோகிறான். 1 நிமிடத்தில் காய்ந்துவிடும், அதற்குள் ஏதாவது தீ அவனைத் தொட்டால் கூடுதலாக 5 சேதம், அதாவது அவன் உயிர்க்கணக்கில் 5 குறையும். சமதரையில் ஊற்றினால் ஐந்தடிக்கு ஐந்தடி பரவும். கொளுத்தினால் 2 ரவுண்டு எரியும், அதில் நுழைகிறவனுக்கும் தன் முறை முடியும்வரை அங்கேயே நிற்கிறவனுக்கும் 5. எல்லாரும் ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு ரவுண்டு, அது 6 வினாடி, ஆக 12 வினாடி. என் களத்துக் கணக்கு எட்டு எண்ணிக்கை, ரொம்பத் தூரமில்லை. அதே ஒரு குப்பியை மூடியுள்ள லாந்தரில் ஊற்றினால் 6 மணி நேரம் எரிகிறது. திரியின் மகிமை.

விலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அண்ணன் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். ஆயுதத்துக்குத் தீயேற்றுகிற மூன்றாம் படி மந்திரம் ஒன்று அதே புத்தகத்தில் உண்டு. பாலடின் என்கிற புனித வீரர் வேடக்காரர் 9ஆம் நிலைக்கு வந்த பிறகுதான் அது கைக்கு வரும். வந்தாலும் கிடைப்பது தாக்குதல் பகடையில் கூடுதலாக 1, சேதத்தில் ஒரு நான்குமுகப் பகடை. மனதையும் ஒருமுகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அடி வாங்கினால் கலையலாம். நீங்கள் 1 வெள்ளிக்கு ஆறுமுகப் பகடை கேட்கிறீர்கள். சுவாமிமலை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆறுமுகன் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனாலும் மேஜையில் பாலடின் ஆடுகிற பையன் முகத்தை நினைத்துப் பாருங்கள். நிஜமான நெருப்பு வாள் வேண்டுமென்றால் ‘பிளேம் டங்’ என்ற மந்திர வாள் இருக்கிறது, கட்டளைச் சொல் சொன்னதும் பற்றிக்கொள்ளும், கூடுதலாக இரண்டு ஆறுமுகப் பகடை. அதைத் தேடிப் போகிற கதையே நான்கு ஞாயிறு ஓடும்.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். பிண்ணாக்கு மூட்டை அடுக்குகிற கொட்டகையில் ஆடுகிறோம், ஆறு பேர். வாளுக்கு எண்ணெய் ஊற்றுவதை நான் தடுப்பதில்லை. தன் முறையில் ஒருவர் செய்கிற ஒரு காரியத்துக்கு ஆட்டத்தில் ஆக்‌ஷன் என்று பெயர். ஊற்ற ஒரு ஆக்‌ஷன், பற்றவைக்க ஒரு ஆக்‌ஷன். அதன் பிறகு விழுகிற முதல் அடிக்கு மட்டும் 1 தீச்சேதம், விதியில் கையில் பிடித்த பந்தத்தால் அடித்தால் வருவதும் 1தான். 20 முகப் பகடையில் 1 விழுந்தால் தீ உங்கள் கையில். இந்த 1ஐக் கேவலமாக நினைக்க வேண்டாம். டிரோல் என்கிற பூதம் வெட்ட வெட்டக் காயம் ஆறிக்கொண்டே வரும். தீயோ அமிலமோ பட்டால்தான் அடுத்த முறை ஆறாது, 1 சேதமாக இருந்தாலும் போதும். அப்படி ஒரு நாள் அந்த 1 உங்கள் உயிரைக் காப்பாற்றும்.

போன மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, செங்கல்லில் கட்டியது, மேலே கூம்பு. சின்ன வயதில் அதற்குள் யாரோ குடியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பயப்படுவேன். அதையே மனதில் வைத்து ஓர் ஆட்டம் எழுதினேன்: கொள்ளைக் கூட்டம் ஊர் நெல்லையெல்லாம் களஞ்சியத்தில் பதுக்கியிருக்கிறது, மீட்டு வர வேண்டும். உள்ளே நுழைந்ததும் தரை முழுக்க வைக்கோல், தூண் இடுக்கெல்லாம் உமி, காற்றில் தவிட்டுத் தூசி என்று வர்ணித்தேன். மூன்று தடவை வர்ணித்தேன், வேண்டுமென்றேதான். அண்ணன் மகன் எழுந்து நின்று, “அத்தை, நான் வாளைக் கொளுத்துறேன்” என்றான். “நிஜமாவா?” என்றேன். “கொளுத்துறேன்.” எங்களோடு ஆடும் மொபைல் கடைப் பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். வாளிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. நான் பகடையே உருட்டவில்லை. ஆட்டம் முடிந்தபோது கொள்ளையர் ஒருவர்கூடச் சாகவில்லை, எல்லாரும் பின்வாசல் வழியே ஓடிவிட்டார்கள். எரிந்தது ஊர் நெல். அந்த ஊர்ப் பெரியவராக நான் ஒரு வார்த்தையும் பேசாமல் ஐந்து பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேட்டூர் திறப்பது தள்ளிப்போன வருஷங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், நெல் எரிந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த நான்கு ஞாயிறும் விதைநெல் தேடி அலைந்தார்கள். அந்தத் தேடல்தான் எங்கள் ஆட்டத்திலேயே நன்றாக அமைந்த பகுதி.

ஆக அண்ணனிடம் போய், ‘அக்கா 1 சேதம் கொடுக்கச் சொன்னார்’ என்று சொல்லுங்கள். கூடவே, வைக்கோல் எங்கே கிடக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவாரூர் வாசகி: சென்ற இதழில், எண்ணெய்க் குப்பி எதிரி மேல் பட்டதுமே 5 சேதம் என்று எழுதியிருந்தீர்கள். அது தவறில்லையா?

தவறுதான். தீ வந்து தொட்டால்தான் 5. வெறும் எண்ணெய் என்ன செய்யும், தலைக்குக் குளிர்ச்சி. எண்ணெய் மில்லிலேயே உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதியதற்காக வீட்டில் ஒரு வாரம் என்னை ஓட்டினார்கள். பட்ட பிறகு தானாகவே எரிவது ‘ஆல்கெமிஸ்ட்ஸ் ஃபயர்’ என்கிற இன்னொரு சரக்கு. பசை மாதிரி ஒட்டும், காற்றுப் பட்டாலே பிடித்துக்கொள்ளும், மாட்டியவனுக்கு ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஒரு நான்குமுகப் பகடை. விலை 50 பொற்காசு. அந்தக் காசுக்கு 500 குப்பி எண்ணெய் வாங்கலாம், எங்கள் மில்லில் 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பி மேலே வழியும். நான் ஆட்டக்காரியாக இருந்தால் டிரம்மைத்தான் வாங்குவேன்.

நாகப்பட்டினம் வாசகர்: எங்கள் ஆட்டம் கடலில் நடக்கிறது. தண்ணீர் மேல் எண்ணெயை ஊற்றி எதிரிப் படகைச் சுற்றித் தீ வைக்கலாமா?

எண்ணெய் மிதக்கும், எரிவதுதான் சந்தேகம். பரவப் பரவப் படலம் மெலிந்துவிடும், அடியில் இருக்கும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். படகின் பலகையிலும் பாயிலும் எண்ணெயை வீசுங்கள், பாய் திரி மாதிரி எரியும். கடலில் தீ வைத்தவர்கள் என்றால் கான்ஸ்டாண்டினோபிள்காரர்கள், கி.பி. 672ஐ ஒட்டி. குழாய் வைத்து எதிரிக் கப்பல் மேல் பீய்ச்சினார்கள். கலவை என்ன என்பதை அரசு ரகசியமாகவே வைத்திருந்து, கடைசியில் ரகசியமே தொலைந்துபோனது. உங்கள் ஆட்டத்தில் யாராவது அந்தக் கலவை கேட்டால் நல்ல விலை சொல்லுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: இதெல்லாம் வெள்ளைக்காரர் கற்பனைதானே? நம் ஊரில் எண்ணெயை ஆயுதமாக்கியதுண்டா?

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையைப் புரட்டுங்கள். மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும், கல் எறியும் கவண் வரும், அடுத்து ‘பரிவுறு வெந்நெய்’ வரும். கொதிக்கிற நெய், எதிரி தலையில் ஊற்றுவதற்கு. பாண்டியன் ஆட்களும் அதை வாளில் தடவவில்லை பாருங்கள்.

குத்தாலம் வாசகி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நண்பர்களோடு பகடை உருட்டுகிறான். உள்ளேயிருந்து ‘கொளுத்து’, ‘எண்ணெயை ஊத்து’ என்று சத்தம். சூதாட்டமா? பயமாக இருக்கிறது.

பந்தயம் இல்லாத பகடை அம்மா இது, நாட்டை வைத்து யாரும் ஆடவில்லை. நாம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தாயம் உருட்டினதில்லையா? ஒன்றே ஒன்று பாருங்கள். சூழ்நிலைக்காக என்று மேஜையில் மெழுகுவத்தி வைப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். எங்கள் கொட்டகையில் ஒரு வரைபடமும் ஒரு துப்பட்டா முனையும் போயின. மற்றபடி, கதவைத் தட்டி, ‘எனக்கும் ஒரு வேடம் கொடு’ என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் அண்ணி அப்படித்தான் உள்ளே வந்தார், முதலில் காபி கொடுக்க, பிறகு வைத்தியர் வேடத்தில். போன வாரம் ஒரு டிரோல் மேல் குறிபார்த்து முழுக் குப்பி எண்ணெயையும் ஊற்றிவிட்டு, எல்லாரையும் திரும்பிப் பார்த்து, “தீப்பெட்டி யாருகிட்ட இருக்கு?” என்றார். ஒருத்தரிடமும் இல்லை.